பழைய என்ஜினா, மாற்று என்ஜினா?

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவருக்கு என்றாவது ஒரு நாள் இந்தக் கேள்வி வந்தே தீரும். என்ஜின் கெட்டுவிட்டது. அதைப் பிரித்துப் புதுப்பிப்பதா? அல்லது இறக்கி வைத்துவிட்டு வேறு என்ஜினைப் பொருத்துவதா?

சாதாரணக் கார் என்றால் கணக்குப்பிள்ளையே பதில் சொல்லிவிடுவார். எது மலிவோ அதைச் செய்யலாம். ஸ்போர்ட்ஸ் கார் விஷயம் அப்படி அல்ல. ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போய்ச் சேருவதற்காக மட்டும் யாரும் அதை வாங்குவதில்லை. அதன் வேகத்துக்காகவும், உறுமலுக்காகவும், வளைவுகளில் அது திரும்பும் அழகுக்காகவும் வாங்குகிறார்கள். அந்தக் குணங்களில் பாதிக்கு மேல் என்ஜினில்தான் அடங்கியிருக்கிறது. என்ஜின் மாறினால் காரின் குணமும் மாறிவிடும்.

எது சரியான வழி? இதற்கு ஊகத்தினால் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஏராளமான பேர் இதே கேள்வியைச் சந்தித்து, இரண்டு வழிகளிலும் போய்ப் பார்த்த கார் ஒன்று இங்கிலாந்தில் இருக்கிறது. அதன் பெயர் டிரையம்ப் ஸ்டாக்.

ஹெரால்டின் உறவு

டிரையம்ப் என்ற பெயர் நமக்குப் புதியது அல்ல. சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961-ம் ஆண்டு முதல் தயாரித்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை வயதானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டுதான் இங்கே அந்தப் பெயரில் ஓடியது. அதற்கு உருவம் வரைந்து கொடுத்தவர் ஜியோவன்னி மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். ஸ்டாக் காருக்கு வடிவம் கொடுத்தவரும் அவரே.

ஸ்டாக் என்றால் கலைமான். 1970-ம் ஆண்டு இந்தக் கார் விற்பனைக்கு வந்தது. நாலு பேர் உட்காரலாம். கூரையை மடக்கிவிட்டுக் காற்று வாங்கிக்கொண்டே போகலாம். முன்னால் 8 சிலிண்டர் என்ஜின்; கொள்ளளவு 2,997 சி.சி.; சக்தி 145 குதிரை. பார்த்தவர்கள் மயங்கினார்கள்.

ஆனால் சில ஆண்டுகளுக்குள் கெட்ட பெயர் வந்து சேர்ந்தது. கார் வழியிலேயே கொதித்து நின்றது. 1973-ம் ஆண்டு அமெரிக்காவில் இதன் விற்பனை நிறுத்தப்பட்டது. 1977-ம் ஆண்டில் உற்பத்தியே முடிந்துபோயிற்று. மொத்தம் வெளிவந்தவை ஏறத்தாழ 26,000 கார்கள்தான்.

கொதித்தது ஏன்?

காரணம் ஒன்று அல்ல, பல. ஒவ்வொன்றும் சிறியது. எல்லாம் ஒன்று சேர்ந்ததால்தான் ஆபத்து.

முதலாவது, தண்ணீர் பம்பு. இந்த என்ஜினில் அது உச்சியில், இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கும் நடுவே அமைந்திருக்கிறது. தண்ணீர் மட்டம் கொஞ்சம் இறங்கினாலும் பம்புக்குத் தண்ணீர் எட்டாது. பம்பு சுற்றிக்கொண்டே இருக்கும். தண்ணீர் மட்டும் ஓடாது.

இரண்டாவது, உலோகம். என்ஜினின் அடிக்கட்டான பிளாக் வார்ப்பிரும்பு. மேலே மூடும் ஹெட் அலுமினியம். இரண்டு உலோகங்களையும் ஒரே தண்ணீர் தொட்டுக்கொண்டு ஓடும்போது அரிப்பு உண்டாகிறது. அரிப்பைத் தடுக்கும் கூலண்டை ஆண்டு முழுவதும் ஊற்றிவைக்க வேண்டும். வெறும் தண்ணீரை ஊற்றியவர்களின் கார்களில் கசடு சேர்ந்து ரேடியேட்டர் அடைத்துக்கொண்டது.

மூன்றாவது, மணல். வார்ப்படச் சாலையில் பிளாக்கை வார்க்கும்போது உள்ளே வைக்கும் மணலை, பிறகு முழுவதும் வெளியேற்றிவிட வேண்டும். பல என்ஜின்களில் அது முழுவதும் போகவில்லை. பின்னாளில் என்ஜினைப் பிரித்த மெக்கானிக்குகள் தண்ணீர்ப் பாதைகளிலிருந்து மணலைச் சுரண்டி எடுத்தார்கள்.

நாலாவது, டைமிங் செயின். வால்வுகளைத் தக்க நேரத்தில் திறந்து மூடச் செய்வது இதுவே. ஸ்டாக் என்ஜினில் இரண்டு நீளமான செயின்கள் உண்டு. 25,000 அல்லது 30,000 மைலுக்கு ஒரு முறை இவற்றை மாற்றுவது நல்லது என்பது அனுபவசாலிகளின் யோசனை. மாற்றாமல் விட்டால் செயின் தொய்ந்து நழுவும். அப்போது வால்வும் பிஸ்டனும் ஒன்றோடொன்று மோதி, என்ஜின் ஒரு நொடியில் பாழாகும்.

இவற்றில் எதுவும் தீராத வியாதி அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். தொழிற்சாலையின் அவசரமும் பராமரிப்பில் காட்டிய அசட்டையும் சேர்ந்து செய்த வேலை இது. ஆனால் பழியை முழுவதும் என்ஜின் ஏற்றுக்கொண்டது.

பங்காளி வீட்டு என்ஜின்

வெறுத்துப்போன சொந்தக்காரர்கள் பலர் மாற்று என்ஜினைத் தேடினார்கள். சிலர் போர்டு கம்பெனியின் 3 லிட்டர், 6 சிலிண்டர் என்ஜினைப் பொருத்தினார்கள். இன்னும் பலர் ரோவர் கம்பெனியின் 8 சிலிண்டர் என்ஜினை வைத்தார்கள்.

இங்கேதான் வேடிக்கை. ரோவரும் டிரையம்பும் அன்று ஒரே குடும்பம். 1968-ம் ஆண்டு உருவான பிரிட்டிஷ் லேலண்டு என்ற பெரிய நிறுவனத்துக்குள் இரண்டும் அடங்கியிருந்தன. ரோவரின் என்ஜின் 3,528 சி.சி. கொண்டது. அமெரிக்காவின் பியூக் கம்பெனி உருவாக்கிய அந்த என்ஜினின் உரிமையை ரோவர் 1965-ல் வாங்கியிருந்தது. பிளாக், ஹெட் எல்லாமே அலுமினியம் என்பதால் எடை குறைவு. நன்றாக ஓடிப் பெயர் எடுத்த என்ஜின். இது ஸ்டாக் காருக்குப் பொருந்தாது என்று டிரையம்ப் தரப்பில் அன்று சொன்னார்கள். பட்டறைகளில் சாதாரண மெக்கானிக்குகள் அதைப் பொருத்திக் காட்டினார்கள்!

மாற்றியவர்களை நாம் குறை சொல்ல மாட்டோம். அப்போது ஸ்டாக் காரின் விலை சரிந்து கிடந்தது. அந்த என்ஜினின் சூட்சுமம் அறிந்த மெக்கானிக்குகள் குறைவு. பழைய ரோவர் என்ஜினோ மலிவாகக் கிடைத்தது. அந்த வழியில் போனதால்தான் பல கார்கள் இரும்புக் கடைக்குப் போகாமல் தப்பின.

காலம் சொன்ன தீர்ப்பு

மாற்றாமல் பொறுத்தவர்கள் என்ன செய்தார்கள்? என்ஜினை முழுவதும் பிரித்தார்கள். பிளாக்கின் தண்ணீர்ப் பாதைகளைச் சுத்தமாகக் கழுவி மணலை வெளியேற்றினார்கள். வளைந்த ஹெட்டை இழைத்து மட்டப்படுத்தினார்கள். கிராங்க் ஷாப்டைக் கிரைண்டிங் செய்து புது பேரிங்குகளைப் போட்டார்கள். புது செயின், புது பம்பு, சீர்செய்த ரேடியேட்டர், தரமான கூலண்ட் என்று ஒவ்வொன்றாகச் சரிசெய்தார்கள்.

பலன்? ஊரெல்லாம் பழித்த அதே என்ஜின், முறையாகப் புதுப்பித்த பிறகு ஒழுங்காக ஓடுகிறது. ஸ்டாக் என்ஜினைப் புதுப்பிப்பதையே தொழிலாகக் கொண்ட பட்டறைகள் இன்று இங்கிலாந்தில் இருக்கின்றன. உதிரிப் பாகங்களும் கிடைக்கின்றன. சொந்தக்காரர்கள் சங்கம் வைத்து அனுபவத்தைப் பரிமாறிக்கொள்கிறார்கள். பிறவி என்ஜினோடு இருக்கும் காருக்கே இன்று மதிப்பும் விலையும் அதிகம். அன்று ரோவர் என்ஜினை வைத்தவர்களில் சிலர், இப்போது பழைய என்ஜினைத் தேடிப் பிடித்துத் திரும்பப் பொருத்துகிறார்கள். அன்று கழற்றி எறிந்ததை இன்று காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது!

சுமைகூலி

மாற்று என்ஜின் மலிவு என்று நினைப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதைதான் இது.

என்ஜின் வந்து இறங்கியதும் ஒவ்வொரு செலவாகத் தலை நீட்டும். என்ஜினைத் தாங்கும் மவுண்டிங் பொருந்தாது. எண்ணெய்த் தொட்டி குறுக்குச் சட்டத்தில் இடிக்கும். கியர் பெட்டியோடு இணைக்கத் தனி ஏற்பாடு வேண்டும். புகைக் குழாயைப் புதிதாக வளைக்க வேண்டும். வயரிங்கை மாற்ற வேண்டும். என்ஜினின் எடை குறைந்தால் காரின் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், கூடினால் அழுந்தும். ஆகவே ஸ்பிரிங்குகளையும் மாற்ற வேண்டும். எல்லாம் செய்த பிறகும் பழைய ரேடியேட்டர் அடைத்தபடியே இருந்தால் புது என்ஜினும் கொதிக்கத்தான் செய்யும். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியும், பூச்சி போகாத கதையாகிவிடும்.

இன்னொரு விஷயம். மாற்றாக வரும் என்ஜின் பெரும்பாலும் வேறொரு காரிலிருந்து கழற்றியது. அது எத்தனை மைல் ஓடியது, எத்தனை முறை கொதித்தது என்று யார் சொல்வது? நம் பழைய என்ஜினின் நோயாவது நமக்குத் தெரியும்.

புதுப்பிக்கும் வேலையிலும் செலவு ஏறும் என்பது உண்மை. ஆனால் அந்த ஏற்றம் என்ஜினைப் பிரித்துப் போட்டு அளந்து பார்த்தவுடனேயே பெரும்பாலும் தெரிந்துவிடும். அந்த இடத்தில் நின்று யோசித்து முடிவு செய்யலாம். மாற்றும் வேலையில் செலவு ஒவ்வொன்றாக வரும். பாதியில் திரும்பவும் முடியாது.

சட்டமும் குறுக்கிடலாம். இங்கிலாந்தில் என்ஜினை மாற்றினால் அதன் புது எண்ணையும் கொள்ளளவையும் அதிகாரிகளுக்குத் தெரிவித்துப் பதிவுச் சீட்டில் ஏற்ற வேண்டும். 40 வயது கடந்த கார்களுக்கு அங்கே ஆண்டுச் சோதனையிலிருந்து 2018-ம் ஆண்டு விலக்கு அளித்தார்கள். ஆனால் கடந்த 30 ஆண்டுகளுக்குள் காரைப் பெரிய அளவில் மாற்றியிருந்தால் விலக்கு இல்லை. 8 சிலிண்டர் இருந்த இடத்தில் 6 சிலிண்டர் வந்திருந்தால் அதைப் பெரிய மாற்றமாகக் கருத இடம் உண்டு.

எப்போது மாற்றலாம்?

மாற்றவே கூடாது என்று பிடிவாதம் பிடிப்பதும் அறிவுடைமை ஆகாது. பிளாக் சரிசெய்ய முடியாதபடி வெடித்திருந்தால் என்ன செய்வது? உதிரிப் பாகங்கள் அடியோடு கிடைக்காமற்போனால் என்ன செய்வது? முன்பே யாரோ என்ஜினை மாற்றிவிட்ட காரை வாங்கியிருந்தால், அதற்கு எந்த என்ஜின் வைத்தால் என்ன? இத்தகைய நிலைகளில் மாற்றுவதே தகும். அப்போதும் அதே ஜாதி என்ஜின் கிடைக்குமா என்று முதலில் தேட வேண்டும். அது கிடைக்காவிட்டால் மட்டுமே வேறு என்ஜின்.

வேறு என்ஜினைப் பொருத்தும்போது காரின் உடம்பை வெட்டாமல் பொருத்தும்படி மெக்கானிக்கிடம் கண்டித்துச் சொல்ல வேண்டும். கழற்றிய என்ஜினைப் பழைய இரும்புக்கு விற்றுவிடாமல், எண்ணெய் பூசி, ஈரம் படாத மூலையில் பத்திரமாக வைக்க வேண்டும். நாளைக்கு மகனோ, வாங்குகிறவரோ அதைத் திரும்பப் பொருத்த விரும்பலாம்.

நமது யோசனை

முடிவு செய்வதற்கு முன் சொந்தக்காரர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் நாலு. என்ஜின் ஏன் கெட்டது? பிளாக்கும் கிராங்க் ஷாப்டும் பிழைக்கக் கூடியவையா? அந்த என்ஜினை அறிந்த மெக்கானிக்கும் உதிரிப் பாகங்களும் கிடைக்குமா? இந்தக் காரிடம் நாம் எதிர்பார்ப்பது என்ன?

முதல் கேள்விக்குப் பதில் தெரியாமல் மற்ற மூன்றுக்கும் போகக்கூடாது. ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரஷனையும் அளந்து பார்ப்பது பெரிய செலவு அல்ல. தண்ணீர் எங்கே குறைகிறது, எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறதா, ரேடியேட்டர் அடைத்திருக்கிறதா என்று பார்ப்பதும் அப்படியே. நோய் இன்னதென்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். தெரியாமல் எந்த வழியில் போனாலும் அது ஆழம் தெரியாமல் காலை விடுவதுதான்.

ஸ்டாக் காரின் சரித்திரம் நமக்குச் சொல்வது இதுவே. அந்த என்ஜினுக்குத் தண்டனை முதலில் கிடைத்தது. விசாரணை பிறகு நடந்தது. விசாரித்தபோது, திருத்த முடியாத குற்றம் அதனிடம் இல்லை என்று தெரிந்தது. அதற்குள் எத்தனையோ நல்ல என்ஜின்கள் பழைய இரும்பாகிவிட்டன. இனி அவற்றை யாரும் புதிதாக வார்க்கப்போவதில்லை. ஆகவே, காரணம் தெரியும்வரை என்ஜினைக் கழித்துவிடக் கூடாது. பிழைக்கக் கூடியது என்று தெரிந்தால் அதையே புதுப்பிக்க வேண்டும் என்பது நமது கருத்து.