கல்லில் எழுதிய கணக்கும் தில்லி நீட்டும் நல்கையும்

2020 திசம்பர் 10ஆம் நாள் தில்லியில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டிய தலைமை அமைச்சர் நரேந்திர மோதி, காஞ்சிபுர மாவட்டத்து உத்திரமேரூரின் பெயரை அங்கு எடுத்து மொழிந்தார். ஆயிரம் ஆண்டுகட்கு முன்பே அவ்வூரில் மக்களாட்சி முறை நிலவியதற்குக் கல்வெட்டே சான்று என்று புகழ்ந்தார். தமிழர் பலர் அதுகேட்டு உள்ளம் பூரித்தனர். பூரிக்கட்டும். ஆயினும், புகழ்ந்தவர்கள் அக்கல்லின் உட்பொருளை உணர்ந்தனரா என்பதை நாம் கேட்டல் வேண்டும். ஓர் ஊர் தன் அலுவலைத் தன் பொருளால், தன் ஆள்களைக் கொண்டு, தானே கணக்குக் கேட்டு நடத்திற்று என்பதன்றோ அக்கல்லின் பிழிவு? அப்பிழிவுக்கு நேர்மாறான ஓர் ஏற்பாடு, காவல்துறைப் புதுக்கம் என்னும் பெயரால், மாநிலங்கள்மேல் அரைநூற்றாண்டுக்கு மேலாகப் படர்ந்து வந்துள்ளது.

கல் சொல்வதை முதற்கண் பார்ப்போம். முதற் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அஃதாவது கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் (தி.பி. 950, 952), உத்திரமேரூர்ச் சபை இரண்டு முடிவுகளைக் கல்லில் வெட்டுவித்தது. ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டது. தகுதியுடையார் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, சூதறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தனர். அகவை 35க்குக் குறைதலும் ஆகாது. 70க்கு மேற்படுதலும் ஆகாது. கால்வேலிக்கு மேற்பட்ட வரியிறுக்கும் நிலமும், தன் மனையில் தான் கட்டிய வீடும் இருத்தல் வேண்டும். ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என்று பணிகள் பகுக்கப்பட்டன. பொறுப்பில் இருக்கும் காலம் 360 நாள். எல்லாவற்றினும் மேலானது ஒரு விதி: முன்னர் ஏதேனும் ஒரு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயர் மீண்டும் குடத்தில் விழலாகாது, அவன் உறவினர் பெயரும் விழலாகாது!

இங்கு ஒன்றை மறைத்தல் நேர்மையன்று. உத்திரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம்; பார்ப்பனர்க்குக் கொடையாக அளிக்கப்பட்ட ஊர். அச்சபையில் ஏரில் உழைத்தவனுக்கு இடமில்லை, ஏரியின் கரையை மண்சுமந்து கட்டியவனுக்கு ஓலையில்லை, பெண்ணுக்கும் இல்லை. அதனை முழுமையான மக்களாட்சி என்று மெச்சுவது வரலாற்றை வெள்ளையடிப்பதாகும். ஆனால், பொதுப்பொருளைத் தொட்டவன் கணக்குக் காட்டல் வேண்டும் என்னும் விதி எந்தக் குலத்தாருக்கும் உரிய தனிச்சொத்தன்று. அதை எல்லார்க்கும் பொதுவாக்குவதே இன்றைய தமிழன் கடமை.

காவலும் அற்றை நாளில் ஊரைச் சார்ந்தே இருந்தது. ‘பாடிகாவல்’ என்னும் சொல் சோழர் கல்வெட்டுகளில் பயின்று வருகின்றது. ஊரைக் காக்கும் பொறுப்பையும், அதற்காக இறுக்கப்பட்ட வரியையும் அச்சொல் குறித்தது. பின்னர் வந்த ஆங்கிலக் கும்பினி இம்முறையைச் சிதைத்தது. வரி தண்டுதற்கும் குற்றம் ஒப்புவிப்பதற்கும் சென்னை மாகாணத்தில் மக்கள் வதைக்கப்பட்ட கொடுமையை 1855இல் அவ்வரசே அமர்த்திய குழுவொன்று வெளிப்படுத்தியது. அதன்பின் 1859ஆம் ஆண்டின் சென்னைக் காவல் சட்டம் வந்தது. சீருடை வந்தது, படைக்குரிய அணிவகுப்பு வந்தது, மேலே இருப்பவனுக்கு விடைசொல்லும் பழக்கம் வந்தது. ஊராருக்கு விடைசொல்லும் பழக்கம் மட்டும் வரவில்லை. வெள்ளையன் போனபின்னும் அக்குறை போகவில்லை.

இந்திய அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையைப் புரட்டுங்கள். மாநிலப் பட்டியலில் முதலாவதாகப் பொது அமைதியும், இரண்டாவதாகக் காவல்துறையும் நிற்கின்றன. மாநிலத்திற்கென்று எண்ணிக் கொடுத்த உரிமைகளில் இவையே தலையாயவை. ஆனால், உரிமையை ஒரு கையால் கொடுத்த சட்டம், பணமுடிச்சை மறுகையில் வைத்துக்கொண்டது. அச்சட்டத்தின் 282ஆம் பிரிவு, எந்தப் பொதுநோக்கத்திற்கும் நடுவணரசு தன் விருப்பப்படி நல்கை வழங்க இடந்தருகின்றது. அந்த வாயில் வழியாகத்தான் உரிமைகள் ஒவ்வொன்றாகத் தில்லிக்கு நடந்து போகின்றன.

மாநிலக் காவல்துறைகளைப் புதுக்குவதற்கென 1969-70இல் நடுவணரசு ஒரு திட்டந் தொடங்கிற்று. பெயரும் பங்கு விழுக்காடும் மாறிமாறி அது நீண்டது. 2017இல் மூன்றாண்டுக்கு 25,060 கோடி உருபா என்று அறிவித்தனர். 2022 பிப்பிரவரியில், 2021-22 முதல் 2025-26 முடிய ஐந்தாண்டுக்கு 26,275 கோடி உருபா என்றனர். கேட்பார்க்கு மலைப்பூட்டும் தொகையே! பிரித்துப் பார்த்தால் மலைப்பு நீங்கும். அதில் 18,839 கோடி சம்மு காசுமீரம், வடகிழக்கு மாநிலங்கள், மாவோயியர் நடமாடும் பகுதிகள் ஆகியவற்றின் பாதுகாப்புச் செலவுக்குரியது. எல்லா மாநிலக் காவல்துறைகளையும் புதுக்குவதற்கென ஒதுக்கியது 4,846 கோடி மட்டுமே. ஐந்தில் ஒரு பங்கும் இல்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 969 கோடி. அதுவும் மாநிலங்கள் அனைத்திற்கும் சேர்த்து! தமிழ்நாட்டு அரசு ஒன்றே தன் காவல்துறைக்கு அண்மை ஆண்டுகளில் ஆண்டொன்றுக்குப் பதினாயிரங் கோடிக்கு மேல் ஒதுக்கி வந்துள்ளது. ஆகவே, காவல்துறையைத் தில்லி தாங்கிப் பிடிக்கின்றது என்பது வெறும் பேச்சு. சோறு போடுபவன் தமிழன். ஊறுகாய் வைப்பவன், பந்தியில் யார் அமரலாம் என்று சொல்கின்றான்.

அந்த ஊறுகாயும் எளிதில் இலைக்கு வருவதன்று. பெரும்பாலான மாநிலங்கட்கு 60 பங்கு நடுவணது, 40 பங்கு மாநிலத்தது என்பது வரையறை. மாநிலம் ஆண்டுதோறும் ஒரு செயல்திட்டம் வரைந்து தில்லி உள்துறைக்கு விடுத்தல் வேண்டும். அங்குள்ள உயர்மட்டக் குழு அதற்கு இசைவளித்தல் வேண்டும். முன்னர்ப் பெற்றதைச் செலவிட்டதற்குச் சான்று காட்டினால்தான் அடுத்த தவணை வரும். உத்திரமேரூர்க் காவல் நிலையத்திற்கு எது இன்றியமையாதது என்பதை உத்திரமேரூரும் சொல்வதில்லை, காஞ்சிபுரமும் சொல்வதில்லை. இறுதிச் சொல் தில்லியினது. கணக்கு மேல்நோக்கிப் போகின்றது. வரியிறுத்த ஊரை நோக்கி ஒருநாளும் இறங்குவதில்லை.

நல்கை என்று கொடுப்பது யார் வீட்டுப் பணம்? நிதிக்குழுக்கள் வகுத்த வரிப்பங்கில் தமிழ்நாட்டிற்கு 13ஆவது குழு 4.969 விழுக்காடு தந்தது. 14ஆவது குழு அதனை 4.023 ஆகக் குறைத்தது. 15ஆவது குழு 2021-26 ஆண்டுகட்குத் தந்தது 4.079. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்திய மக்கள்தொகையில் தமிழ்நாட்டார் ஏறத்தாழ 6 விழுக்காட்டினர் என்பதை இதனோடு ஒப்பிடுங்கள். குடும்பநலத் திட்டத்தைச் செவ்வனே நிறைவேற்றியதற்குக் கிடைத்த பரிசு இதுதான்! மேல்வரி, கூடுதல்வரி என்று தண்டும் பணம் பங்கீட்டுக்கே வருவதில்லை. ஏரி நிறைய நம் மழை. மதகின் திறவுகோல் மட்டும் தில்லியில். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்பர். இங்கோ தேங்காய்க்கு உரியவனையே வரிசையில் நிற்கவைத்து, ஒரு சில்லைக் கையில் கொடுத்து, வாழ்த்துப் பாடச் சொல்கின்றனர்.

நல்கை சிறிதாயினும் தூண்டில் பெரிது. இஃது அச்சத்தால் எழுந்த கற்பனையன்று. கல்வித்துறை நமக்கு முன் நிற்கும் சான்று. 1976இல் 42ஆம் திருத்தத்தால் கல்வி மாநிலப் பட்டியலினின்று பொதுப் பட்டியலுக்குப் பெயர்க்கப்பட்டது. பின்னர் நடுவண் திட்டங்களும் நல்கைகளும் வந்தன. தமிழ்நாடு தேசியக் கல்விக் கொள்கையையும் அதன் மும்மொழித் திட்டத்தையும் ஏற்க மறுத்தது. அக்கொள்கையோடு பிணைந்த பள்ளித் திட்டத்திலும் ஒப்பமிடவில்லை. உடனே 2024-25ஆம் ஆண்டில் பள்ளிக் கல்விக்கு வரவேண்டிய 2,152 கோடி உருபாவைத் தில்லி நிறுத்தி வைத்தது. 2025இல் தமிழ்நாடு உச்ச முறைமன்றத்தின் படியேற நேர்ந்தது. பிள்ளைகளின் கல்விப் பணத்தையே இந்தியைப் புகுத்துதற்குப் பிணையாகப் பிடித்தவர்கள், காவலர்க்குரிய பணத்தைப் பிடிக்க மாட்டார்கள் என்பதற்கு என்ன உறுதி? 1976ஆம் ஆண்டின் அதே திருத்தந்தான், நடுவணரசின் படைகளை மாநிலத்துள் நிறுத்தும் அதிகாரத்தையும் ஒன்றியப் பட்டியலில் செருகியது என்பதை மறவாதீர்கள்.

2024 சூலை முதல்நாள் நடைமுறைக்கு வந்த மூன்று குற்றவியல் சட்டங்களைப் பாருங்கள். பாரதிய நியாய சங்கிதை, பாரதிய நாகரிக் சுரட்சா சங்கிதை, பாரதிய சாட்சிய அதிநியமம் என்று அவற்றின் பெயர்களையே வடமொழியில் வார்த்துவிட்டனர். நாடாளுமன்றச் சட்டங்கட்கு ஆங்கில வடிவமே உரிய மூலம் என்று 348ஆம் பிரிவு வகுத்திருந்தும், ஆங்கில வடிவத்தின் பெயரும் வடமொழியாயிற்று. தன் வீட்டில் களவு போனதென்று முறையிடவரும் செய்யாற்றங்கரை உழவன், எந்தச் சட்டத்தால் தனக்குக் காப்பு என்பதை வாயால் சொல்லவும் இயலாத நிலை! பணம், சட்டம், மொழி மூன்றும் ஒரே கையில் சேருமாயின், காவல்துறை மாநிலப் பட்டியலில் இருப்பது ஏட்டுச்சுரைக்காயே.

அமெரிக்க நாட்டிலும் இவ்விழுபறி நிகழ்ந்தது. 1968ஆம் ஆண்டுச் சட்டத்தால் அங்கு நடுவணரசு மாநில, நகரக் காவல்துறைகட்கு நல்கை வழங்கத் தொடங்கியது. 2017இல், குடியேறிகளைப் பிடிக்க நகரக் காவலர் துணைநிற்க வேண்டும் என்று அந்நல்கைக்குப் புதிய கட்டளைகளைப் பூட்டினர். சிக்காகோ நகரம் வழக்காடியது. 2018இல் மேல்முறையீட்டு மன்றம் நகரத்தின் பக்கம் நின்றது. நல்கையோடு நடுவணரசின் விருப்பமும் கூடவே வரும் என்பது உலகெங்கும் கண்ட உண்மை. ஆங்கே ஒரு நகரம் எதிர்த்து நிற்கும் துணிவு கொண்டது என்பதே நாம் கொள்ளத்தக்க பாடம்.

குண்டு வைப்பவன் மாநில எல்லை பார்த்து வைப்பதில்லை. கணிப்பொறிக் களவுக்கு எல்லையே இல்லை. ஆகவே நடுவணரசின் உதவி வேண்டாவா என்று சிலர் கேட்பர். கேள்வி தகுந்ததே. பொதுவான இடருக்குப் பொதுவான ஏற்பாடு வேண்டும். செல்வங் குறைந்த மாநிலங்கட்குக் கைகொடுக்கவும் வேண்டும். ஆனால், அவ்வேற்பாட்டை மாநிலங்கள் ஒப்பிச் செய்தல் வேறு. ஒருவர் வகுத்து மற்றவர்மேல் சுமத்துதல் வேறு. 1969இல் தமிழ்நாட்டு அரசு அமர்த்திய இராசமன்னார் குழு, 1971இல் தந்த அறிக்கையில், நல்கைகள் ஆள்வோர் விருப்பத்தைச் சாராமல் தற்சார்புடைய அமைப்பொன்றின் பரிந்துரைப்படியே வழங்கப்படல் வேண்டும் என்றது. 1974 ஏப்பிரலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் தன்னாட்சித் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஏப்பிரலில் மீண்டும், குரியன் சோசப் தலைமையில், மாநில உரிமைக்கென ஒரு குழு அமர்த்தப்பட்டது. குழுக்கள் போதும், உரிமைதான் இன்னும் வந்து சேரவில்லை.

தில்லியை நோக்கி நீட்டும் விரலைச் சற்றே சென்னையை நோக்கியும் திருப்புதல் வேண்டும். 2020 சூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தந்தையும் மகனும் வதைக்கப்பட்டு மாண்டனர். அந்நிலையத்தில் படக்கருவிகள் இருந்தன. பதிவைச் சேர்த்துவைக்கப் போதிய இடமும் இருந்தது. ஆனால், அன்றன்றைப் பதிவு அன்றன்றே அழியுமாறு அமைத்து வைத்திருந்தனர் என்பதை ஆய்வுக்குச் சென்ற நடுவர் உயர் முறைமன்றத்திற்கு எழுதினார். கருவி வாங்கப் பணம் கிடைத்தது. கணக்குக் காட்ட மனம் கிடைக்கவில்லை! 2006இல் பிரகாசு சிங் வழக்கில் உச்ச முறைமன்றம், காவலர் மேலான முறையீட்டைக் கேட்க ஓய்வுபெற்ற நடுவர் தலைமையில் ஆணையங்கள் அமைக்குமாறு கட்டளையிட்டது. தமிழ்நாடு 2013இல் சட்டம் இயற்றியது. அதில் மாநில ஆணையத்திற்குத் தலைவர் உள்துறைச் செயலர், மாவட்டத்திற்கு ஆட்சியர். காவல்துறையை நடத்தும் ஆட்சியே அதன்மேலான முறையீட்டையும் கேட்குமாம்! கணக்குக் காட்டாதவனின் உறவினனையும் விலக்கிய உத்திரமேரூர் விதி எங்கே, இச்சட்டம் எங்கே?

ஆகவே தமிழர் கேட்க வேண்டியவை மூன்று. வரிப்பங்கு உரிய அளவில் நேரே வரட்டும். காவல்துறைக்கான நல்கை எந்தக் கட்டளையும் பூட்டப்படாமல், தற்சார்பு அமைப்பின் வழி வரட்டும். வந்ததும் செலவிட்டதும் எவ்வளவு என்பதை ஆண்டுதோறும் மாவட்டவாரியாக, காவல் நிலையவாரியாகத் தமிழில் அச்சிட்டு, ஒவ்வொரு காவல் நிலைய வாயிலிலும் ஊர்மன்றத்திலும் ஒட்டட்டும். முறையீட்டு ஆணையம் ஆட்சியாளர் கையினின்று நீங்கி, ஓய்வுபெற்ற நடுவர் கைக்கு வரட்டும்.

முதலாவதற்குத் தில்லியோடு போராட வேண்டும். மற்ற இரண்டிற்கும் தில்லியின் இசைவு தேவையில்லை. சென்னையிலுள்ள தமிழாட்சி நினைத்தால் நாளையே செய்யலாம். தன் மக்களுக்குக் கணக்குக் காட்டும் ஆட்சிக்கே தில்லியிடம் உரிமை கேட்கும் தகுதி முழுமையாக உண்டு. தன்னாட்சி என்பது தில்லியின் கோலைப் பிடுங்கிச் சென்னையின் கையில் கொடுப்பதோடு முடிவதன்று. அக்கோல் ஊராருக்கு அஞ்சி நிற்பதே தன்னாட்சி. உத்திரமேரூர்க் கல் அதனை ஆயிரத்தொரு நூறாண்டாகச் சொல்லி நிற்கின்றது. படிக்கத் தெரிந்தவர் நாம், படித்தபடி நடப்போமாக!