பெட்டி மாறினால் பாட்டு மாறுமா?

அக்குறணையிலே ஒருவர் புதிதாக வீடு கட்டினால் ஊரார் முதலில் நோக்குவது வாசற்கதவை; அடுத்து நோக்குவது வரவேற்பறையை. அந்த வரவேற்பறையில், வசதி படைத்த சிலரின் இல்லங்களிலே, இடுப்பளவு உயரத்தில் இரண்டு மரப்பெட்டிகள் காவற்காரரைப் போல நிற்பதை இந்நாளிற் காணலாம். விலையைக் கேட்டால் நமக்குத் தலை சுற்றும். வைத்திருப்பவரோ, அடுத்த ஆண்டு இதனினும் உயர்ந்த சோடியொன்று வாங்க இருப்பதாகச் சொல்லுவார்.

அவரை எள்ளி நகையாடுவதற்காக இதனை எழுதவில்லை. யானும் அந்தப் பித்துக்கு ஆளானவனே. இருபது ஆண்டுகளில் நான்கு சோடி ஒலிபெருக்கிகளை மாற்றியவன் என்ற தகுதியினாலேயே இங்கே சில சொற்கள் கூறத் துணிகின்றேன்.

1925ஆம் ஆண்டு இசை இரசிகர்கள் நினைவில் இருத்தவேண்டிய ஓர் ஆண்டாகும். அவ்வாண்டிலேதான் அமெரிக்காவில் ரைஸ், கெல்லொக் என்னும் பொறியியலாளர் இருவர், காந்தப்புலத்திலே சுருளொன்று அசைய, அதனோடு கூம்பும் அசைந்து ஒலியெழுப்பும் முறையை விளக்கிக் கட்டுரை வெளியிட்டனர். இன்று நம் வீடுகளிலுள்ள ஒலிபெருக்கிகளிற் பெரும்பாலானவை அந்த முறையின் வழித்தோன்றல்களே. ஒலிவாங்கி கொண்டு மின்முறையிற் பதிவான இசைத்தட்டுக்கள் சந்தைக்கு வந்ததும் அதே ஆண்டில். டிசம்பர் 16ஆந் திகதி கொழும்பு வானொலி தொடங்கியதும் அதே ஆண்டில். நம்மவர் வீடுகளிலெல்லாம் ஒலித்த நாகூர் ஹனிபாவின் கம்பீரக் குரல் இவ்வுலகிற்கு வந்ததும் 1925இலேதான். பாடுவோரும் பதிவதும் பரப்புவதும் ஒலிப்பதும் ஒரே ஆண்டிற் கூடி வந்தமை வியப்பன்றோ!

1960களில் எங்கள் வீட்டிலிருந்தது வால்வு வானொலிப் பெட்டி ஒன்று. மின்சாரம் எட்டாத வீடு. பற்றரியைக் கண்டிக்கு எடுத்துச்சென்று மின்னேற்றி வரவேண்டும். இலங்கை வானொலியின் முஸ்லிம் நிகழ்ச்சி தொடங்கும் வேளையில் வாப்பா பெட்டியைத் திண்ணைப் பக்கமாகத் திருப்பி வைப்பார். அயல் வீட்டார் வந்து அமர்வர். உம்மா கதவுக்குப் பின்னே நின்று கேட்பார். ஐந்தங்குலக் கூம்பிலிருந்து வந்த ஒலி அது. தாழ்ந்த ஒலியும் இல்லை. மிக உயர்ந்த ஒலியும் இல்லை. இரைச்சல் மட்டும் தாராளமாக இருந்தது. எனினும் பாடியவர் யாரென அறியாமல் எழுந்து சென்றவர் ஒருவருமில்லை.

அப்படியாயின் நல்ல ஒலிபெருக்கி வேண்டாமா என்று வாசகர் வினவலாம். வேண்டும் என்பதே என் விடை. எல்லாப் பெட்டியும் ஒன்றே என்போர் கேட்டறியாதவர். இசைக்கருவித் தொடரிலே மிகுதியாகப் பிழை செய்யும் உறுப்பு ஒலிபெருக்கியே. ஆகவே பணத்தை அதிலே செலவிடுவது முறையுங்கூட. நல்ல பெட்டியிலே தம்புராவின் நரம்பு ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிந்து கேட்கும். கிராஅத் ஓதுபவர் மூச்செடுக்கும் இடம் தெரியும். பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் பொறியியலாளர் 1970களில், வெளியிட ஒலிபரப்பு வண்டிகளுக்காகச் சிறு பெட்டியொன்றை வடிவமைத்தனர். சப்பாத்துப் பெட்டியைவிடச் சற்றே பெரியது. அதனை அவர்கள் சோதித்தது இடிமுழக்கங்கொண்டு அன்று; மனிதப் பேச்சைக் கொண்டு. அறிந்த ஒருவரின் குரலைப் பெட்டி பொய்யாக்கினால் செவி உடனே கண்டுபிடித்துவிடும். அரைநூற்றாண்டு கடந்தும் இரசிகர் அப்பெட்டியைத் தேடித் திரிகின்றனர். கடைக்குச் செல்வோர் வெடிச்சத்தப் படத்தைக் கேட்டு மயங்காமல், தமக்குப் பழகிய குரலொன்றைக் கேட்டுத் தெளிவார்களாக.

என்னுடைய குறையெல்லாம் வாங்குவதிலே இல்லை, மாற்றிக்கொண்டேயிருப்பதில் இருக்கின்றது. மூன்றாவது சோடியை வீட்டுக்குக் கொண்டுவந்த இரவு எனக்கு நினைவிருக்கின்றது. முன்னைய இரண்டிலும் இருந்த அதே முழக்கம் இதிலும் இருந்தது. கடைக்காரரை நொந்தேன், பெட்டியை நொந்தேன். உண்மையிலே குற்றவாளி என் அறை. நிலத்தில் வழவழப்பான ஓடு, சுவரிலே சீமெந்துப் பூச்சு, நாற்புறமும் கண்ணாடி. ஒலி செல்லுமிடமெல்லாம் மோதித் திரும்பிற்று. நான்கு மீற்றர் நீளமுள்ள அறையில் விநாடிக்கு ஏறத்தாழ 43 அதிர்வுள்ள தாழ்ந்த ஒலி தானாகவே வீங்கும். அது சுவரின் இயல்பு. எந்த விலையுயர்ந்த பெட்டியும் சுவரோடு வாதாட முடியாது. பெட்டிகளைச் சுவரிலிருந்து மூன்றடி முன்னே நகர்த்தி, தடித்த விரிப்பொன்றை விரித்து, புத்தக அலுமாரியைப் பின்சுவரில் நிறுத்திய பின்னரே வித்துவான் என் வீட்டுக்கு வந்தார். அதற்கு ஆன செலவு, விரிப்பின் விலை மாத்திரமே.

இன்னொரு மயக்கம் வாற்றுக் கணக்கு. ஐம்பது வாற்றுக்குப் பதில் நூறு வாற்று என்றால் இருமடங்கு ஓசை என்று எண்ணுகின்றோம். வலு இருமடங்கானால் ஏறுவது மூன்று டெசிபெல் மட்டுமே. செவிக்கு இருமடங்காகத் தோன்ற வேண்டுமெனில் பத்து மடங்கு வலு வேண்டும். அன்றியும், நாம் விரும்பிக் கேட்கும் பழைய பாடல்கள் குறுகிய எல்லைக்குள் பதிவானவை. மூலத்தில் இல்லாததை எந்தப் பெட்டியும் படைத்துத் தராது. சிலவேளை உரசற் சத்தத்தைத்தான் இன்னும் தெளிவாகக் காட்டும்.

எல்லாவற்றினும் கசப்பான உண்மை ஒன்றுண்டு. இளஞ்செவி விநாடிக்கு இருபதாயிரம் அதிர்வு வரை கேட்கும். வயது ஏற ஏற அந்த எல்லை மேலிருந்து கீழே இறங்கும். அறுபதைத் தாண்டியவரிற் பலருக்குப் பன்னீராயிரத்துக்கு மேல் ஒன்றும் கேளாது. செவி இருந்த நாளிற் பணம் இல்லை. பணம் வந்த நாளிற் செவி விடைபெறுகின்றது. கடைசியாக யான் வாங்கிய பெட்டியின் சிறப்பென விளம்பரத்திற் போற்றப்பட்ட அந்த உச்ச ஒலியை என் பேரன்தான் கேட்டான்; யான் கேட்கவில்லை.

பணத்தின் கதையையும் மறத்தலாகாது. 2022இல் டொலரின் விலை ஏறத்தாழ இருநூறு ரூபாயிலிருந்து முந்நூற்றறுபதுவரை ஏறிற்று. மண்ணெண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் மக்கள் வரிசையில் நின்ற அந்நாளிலே, பெட்டி மாற்றும் பேச்சை எடுக்க எனக்கே நா எழவில்லை. மேலும் நம் மலைநாட்டு ஈரம், கூம்பைச் சுற்றியுள்ள நுரைவளையத்தைச் சில ஆண்டுகளிலே உதிரச் செய்யும். அறியாதவர் பெட்டியைக் கழித்துவிட்டுப் புதிது தேடுவர். கைதேர்ந்தவரிடம் கொடுத்தால் வளையத்தை மட்டும் மாற்றிப் பல ஆண்டு கேட்கலாம். பிங்கா ஓயா பெருகினால் கடைத்தெருவுக்குள் வெள்ளம் புகும் ஊர் இது. தாழ்நிலத்து வீட்டார் பெட்டியை நிலத்தில் வைக்கும்முன் ஒருமுறை ஆற்றையும் நினைப்பது நன்று.

அயலாரையும் நினைக்க வேண்டும். இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கலாகாது என 2007இல் நமது உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. விரும்பாதவரைக் கேட்கும்படி கட்டாயப்படுத்தலாகாது என்பதே அதன் கருத்து. அது பொதுவிடங்களைப் பற்றிய தீர்ப்பு. எனினும் அந்த நியாயம் சுவருக்கு அப்பாலுள்ள அயலாருக்கும், சுவருக்கு உள்ளேயுள்ள வீட்டாருக்கும் பொருந்தாதா?

வீட்டாரைப் பற்றியதே என் இறுதி வார்த்தை. இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே, சரியான தூரத்தில், ஒரேயொரு நாற்காலிக்குத்தான் முழுமையான இசை கிடைக்கும். அந்த நாற்காலியில் யான் அமர்ந்து, வீட்டாரைப் பேசாதிருக்கச் சொன்ன நாட்கள் பல. வாப்பாவின் வானொலி திண்ணையை நிறைத்தது. என் பெட்டிகள் திண்ணையைக் காலியாக்கின. ஐந்தாவது சோடிக்கெனச் சேர்த்துவைத்திருந்த பணம் இப்பொழுதும் அப்படியே இருக்கின்றது. அந்த அறைக்கு இன்னும் நான்கு நாற்காலிகள் வாங்கலாமென எண்ணுகின்றேன்.