கிளட்ச் சுவிட்சை 'டைரக்ட்' பண்றவங்களுக்கு ஒரு விண்ணப்பம்

திருவல்லிக்கேணியில் எந்த பைக் மெக்கானிக் கடை வாசலில் அரை மணி நேரம் நின்னாலும் ஒரு வார்த்தை காதில் விழாம இருக்காது: "டைரக்ட் பண்ணிரலாம் சார்." ஹாரன் சுவிட்ச் போச்சா, டைரக்ட். பிரேக் லைட் சுவிட்ச் மக்கர் பண்ணுதா, டைரக்ட். கிளட்ச் லீவருக்கு அடியில் ஒளிஞ்சிருக்கிற குட்டி சுவிட்ச் போச்சா, அதுவும் டைரக்ட். ரெண்டு ஒயரை வெட்டி, முறுக்கி, மேல கறுப்பு டேப்பைச் சுத்தி, "எடுத்துட்டுப் போங்க சார்". டீக்காசுக்குள்ள முடிஞ்சிடும்.

மத்ததெல்லாம் அவங்கவங்க பாடு. அந்த மூணாவது டைரக்ட் பத்தித்தான் இந்தப் பதிவு. கார்புரேட்டர் வண்டிக்குப் பார்த்த அதே வைத்தியத்தை இன்னிக்கு இன்ஜெக்ஷன் வண்டிக்கும் பார்க்கிறது தப்பு என்பது என் கட்சி. மெக்கானிக் அண்ணன்களை மட்டும் குறை சொல்லப் போறதில்லை. வண்டி விக்கிறவங்களுக்கும், லீவர் மாத்துற நம்ம பசங்களுக்கும் இதில் பங்கு இருக்கு.

பெட்ரோல் போடுறதோட நம்ம வேலை முடிஞ்சுதுன்னு இருக்கிற பதிவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை.

பழைய புல்லட்டில் கிக்கர் கியர்பாக்ஸ் வழியா கிளட்சைத் தாண்டித்தான் இன்ஜினைச் சுத்தும். கிளட்சைப் பிடிச்சா அந்தத் தொடர்பே அறுந்துடும். அதனால நியூட்ரலில் போட்டுத்தான் உதைக்கணும். ஆர்.எக்ஸ். 100 வேற ஜாதி. கிக்கர் கிளட்சுக்கு இந்தப் பக்கமே இன்ஜினோட சேர்ந்திடும், அதனால கியரில் நின்னுட்டாலும் கிளட்சைப் பிடிச்சுக்கிட்டு ஒரு உதை, வண்டி ரெடி. எந்தச் சுவிட்சும் கிடையாது. கிளட்ச் பிடிச்சிருக்கோமாங்கிறது ஓட்டுறவனுக்குத் தெரிஞ்சாப் போதும், வண்டிக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

செல்ஃப் ஸ்டார்ட் வந்ததும் நிலைமை மாறிச்சு. கியரில் இருக்கிற வண்டியில் கட்டைவிரலால பட்டனை அமுக்கினா ஸ்டார்ட்டர் மோட்டார் இன்ஜினோட சேர்த்து பின் சக்கரத்தையும் சுத்தும், வண்டி முன்னாடி ஒரு குதி குதிக்கும். அதைத் தடுக்கத்தான் பூட்டு வெச்சாங்க. ஒண்ணு, நியூட்ரலில் இருக்கணும். இல்லைன்னா கிளட்ச் பிடிச்சிருக்கணும். ரெண்டில் ஒரு சுவிட்சாவது சரின்னு சொன்னாத்தான் ஸ்டார்ட்டர் ரிலேக்குக் கரண்ட் வழி கிடைக்கும். இன்னிக்குப் பல கார்களில் கிளட்ச் பெடலை மிதிச்சாத்தான் ஸ்டார்ட் ஆகுதே, அதே சங்கதி.

இந்த வகை வண்டியில் ஒயரை முறுக்கினா இன்ஜினோட ஓட்டத்தில் எந்த வித்தியாசமும் வராது. பாதுகாப்பு மட்டும்தான் போகும். அந்த 'மட்டும்'ங்கிறது சின்ன விஷயமான்னு எங்க தெருவில் வந்து பாருங்க. பெரிய தெருவை ஒட்டின சந்துகளில் ராத்திரி வண்டி நிறுத்துறது எப்படின்னா, ஒண்ணோட ஹேண்டில்பார் அடுத்ததோட கண்ணாடியைத் தொட்டுக்கிட்டு நிக்கும். உருண்டுடக் கூடாதுன்னு பாதிப்பேர் ஃபர்ஸ்ட் கியரில் போட்டுட்டுப் போவாங்க. ஸ்டாண்டு சென்சார் இல்லாத பழைய வண்டி, கிளட்ச் சுவிட்ச் டைரக்ட், சாவி வண்டியிலேயே இருக்கு, வீட்டு வாண்டு ஏறி உட்கார்ந்து பட்டனை அமுக்குதுன்னு வெச்சுக்குங்க. மீதியை நான் சொல்ல வேண்டாம். வரிசையா சாயுற வண்டிகளுக்கு நடுவுல மாடு படுத்திருந்தா அதுக்கும் சேர்த்துத்தான்.

இப்ப இன்ஜெக்ஷன் வண்டிக்கு வருவோம். 2020 ஏப்ரல் 1-ஆம் தேதி பி.எஸ். 6 விதி நாடு முழுக்க வந்ததுக்கப்புறம் நூறு சிசி வண்டியில்கூட பெரும்பாலும் கார்புரேட்டர் போய் இன்ஜெக்டரும் இசியுவும் வந்தாச்சு. எவ்வளவு பெட்ரோல் பீய்ச்சணும், எப்ப தீப்பொறி விடணும்னு முடிவு பண்றது அந்தச் சின்ன கம்ப்யூட்டர். அதுக்குக் கண்ணு கிடையாது, சென்சார் சொல்றதுதான் வேதம். பல மாடல்களில் கிளட்ச் சுவிட்சும் அதுக்கு சேதி சொல்ற ஆட்களில் ஒருத்தர்.

என்ன சேதின்னா, 'இன்ஜினும் சக்கரமும் இப்ப சேர்ந்து ஓடுதா, பிரிஞ்சு ஓடுதா' என்பதுதான்.

வாலாஜா ரோட்டில் நாப்பதில் வந்துக்கிட்டிருக்கீங்க. தூரத்தில் சிகப்பு. ஆக்ஸிலேட்டரை முழுசா விட்டுடறீங்க, கியர் விழுந்தேதான் இருக்கு. இப்ப இன்ஜினை உருட்டுறது பெட்ரோல் இல்லை, பின் சக்கரம். இசியு புத்திசாலித்தனமா இன்ஜெக்டரை மூடிடும், ஒரு சொட்டுகூடப் போகாது. மைலேஜும் மிச்சம், புகையும் மிச்சம். சிக்னல்கிட்ட வந்ததும் கிளட்சைப் பிடிப்பீங்க. அந்த நொடியில் சக்கரத்தோட தயவு போச்சு. பெட்ரோலும் இல்லை. ஆர்.பி.எம். மாடியிலேர்ந்து விழுற மாதிரி விழும். கிளட்ச் பிடிச்ச சேதி உடனே வந்தா இசியு முன்கூட்டியே பெட்ரோலைத் திறந்து, ஐடில் காத்து வால்வையும் கொஞ்சம் திறந்து, இன்ஜினைத் தாங்கிப் பிடிச்சிடும். சேதி வரலைன்னா ஆர்.பி.எம். ஒரு அளவுக்குக் கீழே போனதைப் பார்த்துத்தான் முழிச்சுக்கும். சில சமயம் அதுக்குள்ள இன்ஜின் 'புஸ்'.

எல்லா மாடலிலும் இப்படியில்லை. சில வண்டிகள் ஆர்.பி.எம்., வேகம், த்ராட்டில் மூணை மட்டும் வெச்சே சமாளிச்சுடும், கிளட்ச் சுவிட்ச் ஸ்டார்ட்டருக்கு மட்டும்தான். ஆனா நம்ம வண்டி எந்த ரகம்னு தெரியாம ஒயரை வெட்டக் கூடாது இல்லையா?

ஒயரை முறுக்கி டைரக்ட் பண்ணினா நடக்கிறது இதுக்கு நேர் எதிர். பல வண்டிகளில் இசியுவுக்கு 'கிளட்ச் எப்பவும் பிடிச்சே இருக்கு'ன்னு சேதி போய்க்கிட்டே இருக்கும். அப்ப அது பெட்ரோலை நிறுத்தத் தயங்கும். ஆக்ஸிலேட்டரை விட்டா இன்ஜின் பிரேக்கிங் வழக்கம்போல இருக்காது, ஆர்.பி.எம். இறங்க மனசில்லாம தொங்கும். க்விக்‌ஷிஃப்டர் இருக்கிற வண்டின்னா அது வேலை செய்யாமப் போகலாம், ஏன்னா கிளட்ச் பிடிச்சிருக்கும்போது அதுக்கு வேலையே இல்லைன்னுதான் அதுக்குச் சொல்லி வெச்சிருக்காங்க. க்ரூஸ் கன்ட்ரோலும் இதே கதை. இதில் இன்னொரு கூத்து, சில கம்பெனி சுவிட்ச் லீவரைப் பிடிச்சா சேரும், சிலது பிடிச்சா பிரியும். எல்லாத்துக்கும் ஒரே முறுக்குன்னா எப்படி?

எங்க பக்கத்து மேன்ஷனில் ஒரு தம்பி, திருநெல்வேலிப் பக்கம். 2021 மாடல் வண்டி. சிக்னலில் நிக்க வரும்போதெல்லாம் வண்டி ஆஃப் ஆகுதுன்னு ரெண்டு மாசம் அலைஞ்சான். சர்வீஸ் சென்டரில் (பேர் வேண்டாம்) த்ராட்டில் பாடி கிளீன் பண்ணினாங்க, பிளக் மாத்தினாங்க, கடைசியில் "இ20 பெட்ரோல் சார், எல்லா வண்டிக்கும் இப்படித்தான்" அப்படின்னு கையை விரிச்சாங்க. இப்பல்லாம் கொசு கடிச்சாக்கூட இ20 பெட்ரோல்தான் காரணம் :-). சந்து முனை மெக்கானிக் வண்டியைத் தொடவேயில்லை. ஹேண்டில்பாரைப் பார்த்துட்டு ஒரே கேள்வி.

"தம்பி, இந்த லீவர் எப்போ மாத்தினே?"

"ரெண்டு மாசம் இருக்கும்ணா. ஆன்லைன்ல வாங்கினது."

"செல்ஃப் நூட்ரல்ல மட்டும்தான் எடுக்குதா?"

"ஆமாண்ணா. அதுவும் பேட்டரி வீக்குன்னு சொன்னாங்க."

"பேட்டரி வீக்கா இருந்தா நூட்ரல்ல மட்டும் எப்டிப்பா எடுக்கும்?"

அழகுக்கு வாங்கின சிகப்பு லீவர். அதோட உள்பக்க மேடு சுவிட்சோட ஊசியைத் தொடவே இல்லை. அவன் கிளட்சைப் பிடிக்கிறது வண்டிக்கு ரெண்டு மாசமா தெரியாது. பழைய லீவரைப் போட்டதும் ஆஃப் ஆகறது நின்னுடுச்சு. அண்ணன் வாங்கின கூலி ஒரு டீயும் சமோசாவும்.

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலோ புதுப்பேட்டையிலோ லீவர் வாங்குறவங்க நிறமும் நீளமும் பார்த்தாப் போதாது. போல்ட்டை முடுக்கினதும் லீவரை மெதுவா இழுத்து, 'டிக்'னு சின்ன சத்தம் வருதான்னு காதைக் கொடுத்துக் கேளுங்க. சத்தம் வராத சுவிட்சும் உண்டு. அதுக்கு வேற சோதனை இருக்கு. முன்னாடி யாரும் இல்லாத இடத்தில், ஸ்டாண்டை எடுத்துட்டு, பிரேக்கை அழுத்திப் பிடிச்சு, ஃபர்ஸ்ட் கியரில் போட்டு, கிளட்சை விட்ட நிலையில் பட்டனைத் தட்டுங்க. எதுவும் நடக்கக் கூடாது. அப்புறம் கிளட்சை முழுசாப் பிடிச்சுத் தட்டுங்க. எடுக்கணும். (நியூட்ரலில் மட்டுமே எடுக்கிற மாதிரி கம்பெனியிலேயே செஞ்ச சில பழைய வண்டிகள் உண்டு, அதுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.)

இன்னொண்ணு நம்ம விரல் விஷயம். ஐஸ் ஹவுஸிலேர்ந்து ரத்னா கபே வந்து ஜாம்பஜார் போய்ச் சேர்றதுக்குள்ள எத்தனை தடவை கிளட்ச் பிடிக்கிறோம்னு எண்ணிப் பார்த்திருக்கீங்களா? அதனாலயே பலபேர் ரெண்டு விரலை லீவர் மேலயே சாத்தி வெச்சு ஓட்டுறாங்க. கிளட்ச் பிளேட் தேயும்னு எல்லாருக்கும் தெரியும். தெரியாதது என்னன்னா, லீவர் கொஞ்சம் அசைஞ்சாலே சுவிட்ச் தட்டிடும், கிளட்ச் நிஜமா பிரியுறதுக்கு ரொம்ப முன்னாடியே. விரலோட பாரத்தில் லீவர் அந்தளவு இறங்கிட்டா, ஓடுற வண்டி பூரா நேரமும் 'பிடிச்சிருக்கு'ன்னு பொய் சேதி அனுப்பிக்கிட்டே வரும். கேபிள் ஃப்ரீ பிளே தப்பா வெச்சிருந்தாலும் இதே கதிதான்.

நம்ம ஊருக்குன்னு தனியா ஒரு எதிரியும் உண்டு, கடல் காத்து. மெரினாவுக்கு நடந்து போற தூரத்தில் இருக்கிற வண்டியோட காண்டாக்ட்டில் பச்சை பூக்காம இருந்தாத்தான் அதிசயம். மழைத்தண்ணியில் நின்ன வண்டின்னா இன்னும் சீக்கிரம். கப்ளரைக் கழட்டி, காண்டாக்ட் கிளீனர் அடிச்சு, திரும்ப மாட்டினாலே பாதி கேஸ் சரியாயிடும்.

ஹீரோகாரங்க 2014-ல் ஸ்ப்ளெண்டர் ஐஸ்மார்ட்னு ஒண்ணு விட்டாங்க, ஐ3எஸ் தொழில்நுட்பத்தோட. நியூட்ரலில் சும்மா சில விநாடி நின்னா இன்ஜின் தானா அணைஞ்சிடும், கிளட்சைப் பிடிச்சா தானா உயிர் வரும். சிக்னலில் நின்னே காலத்தைக் கழிக்கிற நமக்கு நல்ல யோசனைதான். அதில் இந்தக் குட்டி சுவிட்ச்தான் ஸ்டார்ட்டர் பட்டனே. பூட்டா இருந்தது சாவியாவே ஆயிடுச்சு. இந்த மாதிரி வண்டியில் போய் ஒயரை முறுக்குறவங்களை என்ன சொல்றது?

இத்தனை வேலை பார்க்கிற ஒரு சாமானைப் பத்தி வண்டியோட கொடுக்கிற கையேட்டில் என்ன இருக்கு? 'ஸ்டார்ட் செய்யும்போது கிளட்சைப் பிடிக்கவும்', அம்புட்டுதான். நான் புரட்டின நாலஞ்சு கையேட்டிலும் அதேதான். இது பழுதானா இன்ஜின் எப்படி நடந்துக்கும், வெளி லீவர் போட்டா எதைச் சரிபார்க்கணும்னு ரெண்டு வரி போட்டா பேப்பர் தேஞ்சிடுமா? எச்சரிக்கைன்னு போட்டு 'ஹெல்மெட் அணியவும்' படத்துக்கு மட்டும் அரைப் பக்கம். கம்பெனி சொல்லலை, ஷோரூமில் சொல்லலை, சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் மாட்டினா எரர் கோடு வரலைன்னதும் பிரச்சினையே இல்லைன்னு முடிவு பண்ணிடுறாங்க. 'பிடிக்கலை'ன்னே எப்பவும் சொல்ற சுவிட்சை, கிளட்சே பிடிக்காத ஆளோட சுவிட்சிலேர்ந்து பிரிச்சுப் பார்க்கிறது பல இசியுவுக்குக் கஷ்டம். அப்ப கோடு எங்கேர்ந்து வரும்? அப்புறம் சந்து முனை அண்ணனை மட்டும் திட்டி என்ன பிரயோஜனம்? அவருக்கு யாரும் வகுப்பு எடுக்கலை. அவருக்குத் தெரிஞ்சதெல்லாம் கைப்பழக்கம்தான். அதிலும் நான் மேல சொன்ன அண்ணன் மாதிரி கேள்வி கேட்கத் தெரிஞ்சவங்க இருக்காங்க.

உடனே மாத்துக் கிடைக்கலைன்னா என்ன பண்றதுன்னு கேப்பீங்க. கப்ளரை அப்படியே விட்டுட்டு நியூட்ரலில் போட்டு ஸ்டார்ட் பண்ணி நாலு நாள் ஓட்டுங்க, சிக்னலில் லேசா ஆக்ஸிலேட்டர் கொடுத்துக்குங்க. ஒயரை மட்டும் வெட்ட விடாதீங்க. ஒரு தடவை வெட்டின ஒயரிங்கில் புது சுவிட்ச் மாட்ட, சுவிட்ச் விலையை விட மெனக்கெடல்தான் ஜாஸ்தி.

கோவை, மதுரைப் பக்கத்துப் பதிவர்களே, உங்க ஊர் மெக்கானிக் கடையிலும் இதுக்கு 'டைரக்ட்'னுதான் பேரா, வேற ஏதாவது சொல்றாங்களா?