மருத்துவக் கழிவுகளினின்றும் வாய்க்கால்களையும் நடவாட்களையும் காக்கக் கோரும் மனு

பெறுநர்: மாவட்டக் கண்காணிப்புக் குழுவின் தலைவராகிய தஞ்சாவூர் மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்.
பிரதிகள்: மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர், மாவட்டச் சுகாதார அலுவலர்.



வெண்ணாற்றையும் வெட்டாற்றையும் கல்லணைக் கால்வாயையும் நம்பிக் குறுவையும் சம்பாவும் தாளடியும் செய்துவரும் சிறு விவசாயிகளும், அவ்வயல்களிலே நாற்றுப் பறித்தும் நடவு நட்டும் களையெடுத்தும் ஜீவிக்கும் தொழிலாளர்களும் ஒருங்கே அங்கத்தினராயுள்ள எங்கள் சங்கம் சமர்ப்பிக்கும் விண்ணப்பம் யாதெனில், சட்டப்படி பொதுச் சுத்திகரிப்பு நிலையத்திற்குச் செல்லவேண்டிய மருத்துவக் கழிவுகள் எங்கள் வாய்க்கால்களில் வந்து சேருவதைத் தடுக்கவேண்டும், அவற்றால் காயம்பட்டோருக்கு உரிய சிகிச்சை கிடைக்கச் செய்யவேண்டும் என்பதேயாகும்.

வைத்தியர்கள் மீதோ வைத்தியசாலைகள் மீதோ எங்களுக்கு யாதொரு விரோதமும் இல்லை. இந்நாட்டு மிராசுதாரர்களின் நன்கொடையால் எழுந்த ராஜா மிராசுதார் மருத்துவமனையிலே பிறந்தவர்கள் எங்களுள் பலர். 1959-ல் தொடங்கிய தஞ்சை மருத்துவக் கல்லூரியால் உயிர் பிழைத்தவர்களும் பலர். அந்த நன்றியுணர்வோடுதான் இதை எழுதுகிறோம்.

சென்ற சம்பா நடவின்போது, எங்கள் அங்கத்தினரான ஒரு தாயார் முழங்கால் அளவு சேற்றில் நின்று நட்டுக்கொண்டிருக்கையில் பாதத்தில் ஏதோ தைத்தது. நத்தை ஓடாக இருக்கும் என்றெண்ணி அவர் மேலும் இரண்டு வரிசை நட்டுவிட்டே கரையேறினார். ஏறிப் பார்த்தபோது, பாதி உடைந்த சிரிஞ்சோடு கூடிய ஊசி காலில் நின்றது. சிகிச்சைக்குப் போன இடத்தில், அவர் ஆஸ்பத்திரியில் வேலை செய்பவரா என்று கேட்டு, இல்லையென்றதும், தடுப்பூசி ஒன்றைப் போட்டு அனுப்பிவிட்டார்கள். இரத்தப் பரிசோதனையைப் பற்றி எவரும் சொல்லவில்லை. பின்னர் நாங்கள் விசாரித்தறிந்து அவரை அழைத்துச் செல்வதற்குள் நாள் பல கடந்துவிட்டன. தெய்வாதீனமாக நோய் எதுவும் இல்லையென்று தெரிந்ததெனினும், அதுவரையில் அவர் தம் பேரக்குழந்தையைத் தூக்கவில்லை.

ஹெப்படைடிஸ் பி நோயுற்றவரின் இரத்தம் படிந்த ஊசி குத்தினால், தடுப்பூசி போட்டுக்கொள்ளாத நூறு பேரில் முப்பது பேர் வரை அத்தொற்றுக்கு ஆளாகக்கூடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. இந்த அபாயத்தை உணர்ந்தே 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், கழிவைக் கையாளும் ஊழியர்களுக்கு அந்நோய்க்கும் இரணஜன்னிக்கும் எதிரான தடுப்பூசியைக் கட்டாயமாக்கின. ஊசிகள் குத்தித் துளைக்க முடியாத வெண்ணிறக் கலத்தில் சேரவேண்டும் என்றும், சுத்திகரிக்கப்படாத உடற்கூற்றுக் கழிவும் இரத்தம் முதலியன தோய்ந்த கழிவும் 48 மணி நேரத்திற்கு மேல் தேங்கலாகாது என்றும் அவை விதிக்கின்றன. ஆயினும் ஆஸ்பத்திரியின் வாசலோடு அந்தப் பாதுகாப்பு நின்றுவிடுகிறது. கழிவோ அங்கே நிற்பதில்லை. ஊசியைப் போட்ட நர்ஸுக்கும் அதை அள்ளிய துப்புரவுப் பணியாளருக்கும் உள்ள ரட்சை, அதன்மேல் வெறுங்காலோடு நடப்பவளுக்கு இல்லை.

பெரிய மருத்துவமனைகளைக் காட்டிலும், சிற்றூர்க் கடைவீதிகளிலுள்ள கிளினிக்குகளும் இரத்தப் பரிசோதனைக் கூடங்களுமே எங்களுக்கு அதிகக் கவலையளிக்கின்றன. சேகரிப்பு வண்டி நாள்தோறும் வராத இடங்களில், பஞ்சும் கையுறையும் குழாயும் ஊசியும் சாதாரணக் குப்பையோடு கலந்து வாய்க்கால் கரைக்குப் போகின்றன, அல்லது அங்கேயே கொளுத்தப்படுகின்றன. குறுவைக்கு முன் தூர் வாரும்போது எடுத்துப் போடும் மண்ணில் இவற்றை நாங்கள் கண்ணாரக் காண்கிறோம். நீரிழிவுக்காக வீட்டிலேயே இன்சுலின் போட்டுக்கொள்ளும் எங்கள் குடும்பங்களும் ஊசியைக் குப்பையில் எறிகின்றன என்பதை மறைக்க நாங்கள் விரும்பவில்லை.

புதைகுழிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் வசதி எட்டாத ஊர்களில் மட்டுமே ஆழப் புதைக்க விதிகள் இடந்தருகின்றன. அப்போதும் குழியின் அடிமட்டத்திற்குக் கீழே ஆறு மீட்டர் ஆழத்திற்கு அப்பால்தான் நிலத்தடி நீர் இருக்கவேண்டும். ஐப்பசி மழையில் கிணற்று நீரைக் குனிந்து கையால் மொள்ளக்கூடிய இந்த ஆற்றுப்படுகையில் அவ்விதமான இடம் எங்கே இருக்கிறது? ஆகவே, டெல்டாவில் இருக்கும் அத்தகைய குழிகள் அனைத்தையும் மூடி, இனி எவற்றுக்கும் அனுமதி அளிக்கலாகாது என்று வேண்டுகிறோம்.

இதனினும் முக்கியமான எங்கள் கோரிக்கை, வயலிலோ வாய்க்காலிலோ குப்பைமேட்டிலோ ஊசி குத்தப்பெற்ற எவரும், தொழில் யாதென்ற கேள்வியின்றி, எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அன்றைக்கே இலவசமாகச் சிகிச்சை பெறவேண்டும் என்பது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்திற்குள் தொடங்கினால்தான் பயனுண்டு. ஹெப்படைடிஸ் பி தடுப்பூசியும் தாமதமின்றிப் போடப்படவேண்டும். நடவாட்களுக்கும் தூர் வாரும் தொழிலாளருக்கும் முன்கூட்டியே அத்தடுப்பூசியைப் போட்டுவிட்டால் பாதி பயம் தீரும்.

கழிவு நீர்நிலையில் தவறி விழுவதையும் மேற்படி விதிகள் 'பெரும் விபத்து' என்றே வகுத்து, 24 மணி நேரத்திற்குள் எழுத்து மூலம் அறிக்கை தரவேண்டுமென்கின்றன. எங்கள் வாய்க்காலும் நீர்நிலையே. அதில் கழிவு காணப்படும்போதெல்லாம், கழிவுப் பையிலுள்ள பார்கோடைக் கொண்டு அதன் மூலத்தைக் கண்டறிந்து, உரியவர்மீது நடவடிக்கை எடுக்கவேண்டும். 2024 டிசம்பரில் திருநெல்வேலி மாவட்டத்து நடுக்கல்லூர், கொடகநல்லூர்ப் பகுதிகளில் கொட்டப்பட்ட திருவனந்தபுரத்து மருத்துவமனைக் கழிவுகளை, பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவுப்படி கேரளத்தினரே லாரிகளில் திரும்ப ஏற்றிச் சென்றார்கள். 2025-ல் இவ்விதம் கொட்டுவோரைக் குண்டர் சட்டத்தின் கீழ்க் கொணரவும் நம் சட்டசபை வகை செய்தது. அயல் மாநிலத்துக் கழிவுக்குக் காட்டிய கண்டிப்பை உள்ளூர்க் கழிவுக்கும் காட்டுவதே நியாயம்.

சிறு கிளினிக்குகளுக்குச் சேகரிப்பு வண்டி வரும் நாளையும் நேரத்தையும் ஊராட்சிப் பலகையில் எழுதி வைக்கவும், வீட்டு ஊசிகளைப் பெற்றுக்கொள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களில் கலம் வைக்கவும், தங்கள் தலைமையில் கூடும் குழுவிற்கு விவசாயத் தொழிலாளரின் பிரதிநிதி ஒருவரை அழைக்கவும் உத்தரவிடப் பிரார்த்திக்கிறோம்.

மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. தண்ணீர் வந்தபின் வாய்க்காலின் அடியில் கிடப்பது எவர் கண்ணுக்கும் தெரியாது. ஆகையால் அதற்கு முன்னதாகவே, தூர் வாரும் காலத்தில், தாங்கள் நேரில் வந்து கரைகளைப் பார்வையிட வேண்டுமென்று மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
சங்கத்தின் தலைவர், செயலாளர் மற்றும் அங்கத்தினர்கள்
தஞ்சாவூர்