செவிக்குப் பிறகே திரை

பள்ளி விழா மேடைகளில் இப்போது இலக்கவியல் ஒலிக்கலவைக் கருவியைக் காண்கிறோம். 2012இல் வெளிவந்த பெரிங்கர் எக்ஸ்32 கருவியில் 32 ஒலிவாங்கிகளை இணைக்கலாம். ஒத்திகையில் செய்த அமைப்பைச் சேமித்து, நொடியில் மீட்கலாம். நல்ல வசதிதான். ஆனால், சேமித்ததை அப்படியே நம்புவது தவறு என்பது என் கருத்து.

மெர்கோங்கில் ஒரு மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒத்திகையின்போது அது காலியாக இருக்கும். விழாவின்போது கூட்டம் நிறைந்ததும் மக்களின் உடலும் உடையும் ஒலியை உறிஞ்சும். காலையில் தெளிவாகக் கேட்ட சொற்கள் மாலையில் மங்கும். கருவிக்கு இது தெரியாது.

தலைமையாசிரியரின் கணீர்க் குரலுக்குச் சேமித்த அளவிலேயே ஒலிவாங்கி இருக்க, கவிதை ஒப்புவிக்க முதலாம் ஆண்டு மாணவி வருகிறாள். பின்வரிசையினருக்கு அவளது வாயசைவு மட்டுமே தெரிகிறது. பதற்றத்தில் அளவைக் கூட்டினால், ஒலிபெருக்கியின் ஒலி ஒலிவாங்கிக்குள் மீண்டும் புகுந்து ‘கீ’ என்று அலறும். பழியோ, “சத்தமாகப் பேசத் தெரியவில்லை” என்று அவள்மேல் விழும்! ஒலிப்பதிவுக் கூடமாயின் மறுபடி பதியலாம், மேடையில் முடியாது.

இக்கருவியைக் கைக்கணினி வழியாகவும் இயக்கலாம். ஆகவே, ஒலிப்பொறுப்பை ஏற்கும் மாணவர்கள் ஓரிடத்தில் அமர்ந்து திரையையே பார்க்கக்கூடாது. கைக்கணினியுடன் கடைசி நாற்காலிவரை நடந்து சென்று, அங்கு நின்று கேட்டு, அதன் பிறகே அளவை மாற்ற வேண்டும்.