சகுனப் பிழைக்காக அறுபட்ட மூக்கு

டோர்வலிலுள்ள துணிக்கடைகளிலே பிள்ளைகளுக்குச் சட்டை தெரிவு செய்யும் எம்மவர் பலர், கழுத்துப் பட்டிக்குள் தைக்கப்பட்டிருக்கும் சிறு துணித்துண்டைத் திருப்பிப் பார்ப்பது வழக்கம். 'இலங்கையில் தயாரிக்கப்பட்டது' என்று அதிலே கண்டால் சிலர் வாங்கிக்கொள்வர். ஊரின் கை பட்ட துணி என்பது அவர்கள் எண்ணம். வேறு சிலர் எடுத்த இடத்திலேயே மாட்டிவிட்டு அகல்வர். எம்மை விரட்டிய அரசின் திறைசேரிக்கு எமது பணம் போய்ச் சேரலாகாது என்பது அவர்கள் எண்ணம். இருவரும் ஒரே ஊரவராக இருக்கக்கூடும். ஒரே விமானத்தில் வந்திறங்கியவராகவும் இருக்கக்கூடும். இச் சிறு துணித்துண்டுக்குள் அடங்கிக் கிடக்கும் ஓர் அரசியற் பாடத்தையே இன்று எமது வாசகர் முன் வைக்க விரும்புகிறோம்.

இலங்கையின் தைத்த ஆடைகளுக்கு ஐரோப்பா ஒரு முதன்மையான சந்தை. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை அழிவுக்குப் பின்னர், 2005இன் நடுப்பகுதியில், ஐரோப்பிய ஒன்றியம் இலங்கைக்கு 'ஜீ.எஸ்.பி. பிளஸ்' எனப்படும் வரிச் சலுகையை வழங்கியது. வழமையில் ஆடைகள் மீது 12 வீதம் அளவில் அறவிடப்படும் இறக்குமதித் தீர்வை, இச் சலுகையின் கீழ் முற்றாக இல்லாது போகும். மனித உரிமை, தொழிலாளர் உரிமை, சுற்றாடல், நல்லாட்சி ஆகியவை தொடர்பான 27 சர்வதேச உடன்படிக்கைகளை ஏற்று நடைமுறைப்படுத்த வேண்டும் என்பதே அதற்கான நிபந்தனை. ஐரோப்பிய ஒன்றியத்தில் உறுப்புரிமை கோர முடியாத தொலைதூர நாடொன்றுக்கு, ஐரோப்பியப் பொருளாதாரத்தோடு நெருங்குவதற்குத் திறந்துவிடப்பட்ட வாசல் இதுவெனலாம்.

அவ்வாசல் ஐந்தே ஆண்டுகளில் அடைபட்டது. 2008 ஒக்டோபரில் ஐரோப்பிய ஆணைக்குழு விசாரணையொன்றை ஆரம்பித்தது. அதற்கு ஒத்துழைக்கக் கொழும்பு மறுத்தது. குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய உடன்படிக்கை, சித்திரவதைக்கெதிரான உடன்படிக்கை, சிறுவர் உரிமைகள் உடன்படிக்கை ஆகிய மூன்றும் நடைமுறையில் மீறப்பட்டுள்ளன என 2009 ஒக்டோபரில் அறிக்கை வெளிவந்தது. சலுகையை இடைநிறுத்தும் தீர்மானம் 2010 பெப்ரவரியில் எடுக்கப்பட்டது. இறுதி வேளையிலும், சில நிபந்தனைகளுக்கு எழுத்தில் இணங்கினால் காலநீடிப்பு வழங்க ஐரோப்பா முன்வந்தது. நாட்டின் இறைமையில் தலையிடுவதாகக் கூறிக் கொழும்பு அதனைத் தட்டிக்கழித்தது. 2010 ஆகஸ்ட் 15 முதல் தீர்வை மீண்டும் நடைமுறைக்கு வந்தது.

இதனால் தண்டிக்கப்பட்டவர் யார் என்பதே நாம் கேட்க வேண்டிய வினா. இறைமை பற்றி மேடையில் முழங்கியவர்களின் மேசையில் ஒரு கவளமேனும் குறைந்ததில்லை. கட்டுநாயக்க ஏற்றுமதி வலயத்தில் தையல் இயந்திரத்தின் முன் குனிந்திருந்த பெண்களே முதலிற் சுமை தாங்கினர். அவர்களிற் பெரும்பாலோர் சிங்களக் கிராமங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். வெளிநாட்டுக் கொள்வனவாளர் விலையைக் குறைக்கும்போது அக்குறைப்பு இறுதியிற் சென்று விழுவது மேலதிக நேரக் கொடுப்பனவின் மீதுதான். தமிழருக்கு எதனையும் விட்டுக்கொடுக்கவில்லை என்ற பெருமைக்கான விலையைச் சிங்களத் தொழிலாளப் பெண்ணே செலுத்தினாள். எதிரிக்குச் சகுனப் பிழையாகட்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொண்டவன் கதை இதுதான்.

இம் மூக்கறுப்பு 2010இல் தொடங்கியதன்று. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறியது. அதன் தீமையை ஓரளவேனும் தணிக்க 1957இல் பண்டாரநாயக்க - செல்வநாயகம் உடன்படிக்கை எழுதப்பட்டது. எதிர்க்கட்சியினர் கண்டிக்கு யாத்திரை புறப்பட்டனர். பிக்குமார் பிரதமரின் வாசலில் அமர்ந்தனர். 1958 ஏப்ரலில் ஒப்பமிட்ட பிரதமரே அதனைக் கைவிட்டார். 1965இன் டட்லி - செல்வா உடன்படிக்கைக்கும் பின்னர் இதே கதி நேர்ந்தது. இம்முறை எதிர்த்தவர்கள், முன்னர் ஒப்பமிட்ட கட்சியினர். ஆழிப்பேரலை நிவாரணத்தைப் பகிர்வதற்காக 2005 ஜூனில் ஒப்பமிடப்பட்ட பொதுக் கட்டமைப்புக்கூட, ஆட்சிப் பங்காளிக் கட்சியின் வெளியேற்றத்தாலும் நீதிமன்றத் தடையாலும் முடங்கிப்போயிற்று. ஆளுங்கட்சி நியாயம் வழங்க எழுந்தால் எதிர்க்கட்சி இனத்தின் பெயரால் அதனை வீழ்த்தும். எதிர்க்கட்சி ஆட்சிக்கு வந்ததும் வேடங்கள் மாறும். அரை நூற்றாண்டாக ஆடப்பட்ட நாடகம் இதுவே.

இதே நாடகத்தை ஆடிப் பார்த்து, பின்னர் திருந்திய நாடுகளும் உண்டு. ஸ்லோவாக்கியாவின் மக்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் ஹங்கேரிய மொழி பேசுபவர். 1995இல் மேச்சியாரின் அரசு ஸ்லோவாக்கிய மொழியை மட்டும் உயர்த்தும் அரச மொழிச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அவ்வரசின் சனநாயக விரோதப் போக்கைக் காரணங்காட்டி, 1997இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் முதல் அணி வேட்பாளர் வரிசையிலிருந்து அந்நாடு விலக்கப்பட்டது. அயல்நாடுகளான செக் குடியரசும் போலந்தும் ஹங்கேரியும் முன்னே செல்வதை அம்மக்கள் கண்டனர். 1998 தேர்தலில் ஆட்சி மாறியது. ஹங்கேரியரின் கட்சியும் புதிய அரசில் அமைச்சுப் பொறுப்பேற்றது. 1999இல் சிறுபான்மை மொழிகளுக்கான சட்டம் பிறந்தது. 2004 மே முதலாம் நாள், முன்னே சென்ற அந்த அயலவரோடு ஒரே நாளில் ஸ்லோவாக்கியாவும் ஒன்றியத்தில் இணைந்தது.

திருந்தாதவர்க்குப் பொஸ்னியா சாட்சி. 1995 டேட்டன் உடன்படிக்கை துப்பாக்கிகளை மௌனமாக்கியது. ஆயினும் ஆட்சிப் பதவிகளை மூன்று இனங்களுக்கிடையே பங்கிட்டுப் பூட்டியும் வைத்தது. ரோமா இனத்தவர் ஒருவரும் யூதர் ஒருவரும், தாம் அந்நாட்டின் அதிபர் பதவிக்குப் போட்டியிடவே முடியாதிருப்பது அநீதி என ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தில் வழக்காடி 2009 டிசம்பரில் வென்றனர். அத்தீர்ப்பை நிறைவேற்ற அரசியலமைப்பைத் திருத்துவதற்கு மூவினத் தலைவர்களும் ஆண்டுக்கணக்கில் இணங்கவில்லை. அயல்நாடான குரோவாசியா 2013இல் ஒன்றியத்தில் இணைந்துவிட்டது. பொஸ்னியாவோ வேட்பாளர் என்ற நிலையை எட்டுவதற்கே 2022 டிசம்பர் வரை காத்திருக்க நேர்ந்தது. காத்திருந்து சலித்த இளைஞர் பலர் ஜேர்மனிக்கும் ஒஸ்திரியாவுக்கும் போய்விட்டனர். நாடு ஐரோப்பாவுக்குப் போகத் தவறினால் மக்கள் தனித்தனியே போய்விடுவர் என்பதை எமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

ஐரோப்பாவின் நீதி மாசற்றது என்று நாம் வாதிடவில்லை. முள்ளிவாய்க்காலில் மக்கள் மடிந்தபோது அதனைத் தடுக்கும் வலிமை அங்கு எழவில்லை. 1979இல் தற்காலிகமெனக் கொண்டுவரப்பட்டுப் பின்னர் நிரந்தரமாக்கப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டம் நீக்கப்படாத நிலையிலேயே, வாக்குறுதிகளை நம்பி, 2017 மே மாதத்தில் சலுகை மீள வழங்கப்பட்டது. வாக்குறுதி வாக்குறுதியாகவே இருந்தமையால், 2021 ஜூனில் ஐரோப்பிய நாடாளுமன்றம் மீண்டும் எச்சரிக்க நேர்ந்தது. ஆயினும் இவ்வெச்சரிக்கையின் பின்னரே அச்சட்டத்தில் சில திருத்தங்களேனும் 2022இல் செய்யப்பட்டன. கயிறு மெல்லியதுதான், ஆனால் கையிலுள்ள கயிறு அது.

எம் பக்கத்தையும் நாம் மறைத்தலாகாது. 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம் மக்கள், பிறந்த மண்ணிலிருந்து தமிழரின் பெயரால் வெளியேற்றப்பட்டனர். அந்நாள்வரை எம்மை ஒடுக்கப்பட்ட இனமென நம்பிய பலர் அன்று எம்மை ஐயத்தோடு நோக்கினர். இனம் ஒன்றையே அளவுகோலாகக் கொள்ளும் அரசியல், எவர் கையில் இருந்தாலும், முதலில் அயலவனையும் பின்னர் தன்னையும் வெட்டும். பிறரிடம் கேட்கும் நியாயத்தை எம்மிடமும் கேட்டால் மட்டுமே எமது குரல் எடுபடும்.

நாம் வாழும் கியூபெக்கிலும் மொழிப் போர் உண்டு. 1995 ஒக்டோபர் 30 அன்று, பிரிவதா இணைந்திருப்பதா என்ற வாக்கெடுப்பு ஒரு வீதத்துக்கும் சற்றுக் கூடிய இடைவெளியில் முடிந்தது. தோல்விக்குப் பணமும் இன வாக்குகளுமே காரணம் என்று அன்றிரவு கூறிய மாகாண முதல்வர் பரிசோ, மறுநாளே பதவி விலகுவதாக அறிவித்தார். அந்த இரவில் எவர் வீடும் எரியவில்லை. வாக்காளர் பட்டியலைக் கையிலேந்தி வீடு வீடாக வந்த 1983 ஜூலைக் காடையரைக் கண்டவர்களுக்கு இவ்வேறுபாட்டின் பொருள் விளங்கும்.

இனி நாம் செய்யக்கூடியது யாது? சலுகையை அடியோடு பறியுங்கள் என்று கேட்பது எமது கோபத்தைத் தணிக்கலாம். ஆனால் போருக்குப் பின்னர் வன்னியிலும் ஆடைத் தொழிற்சாலைகள் எழுந்துள்ளன. அங்கு தைப்பவர்கள் எமது பிள்ளைகள். நிபந்தனையின்றிக் கொடுங்கள் என்று கேட்பதோ காணாமற் போனோரின் தாய்மாருக்கு இழைக்கும் துரோகம். நிபந்தனைகளைக் காலவரையறையோடு, எல்லோரும் அறிய நிறைவேற்றச் செய்யுங்கள் என்பதே எமது கோரிக்கையாதல் வேண்டும். தடுத்து வைக்கப்பட்டோருக்கு நீதியான விசாரணை, கையகப்படுத்திய காணிகளின் மீளளிப்பு, 2018இல் வட மாகாண சபை கலைந்த பின் ஆண்டுக்கணக்கில் மறுக்கப்பட்ட மாகாணத் தேர்தல் ஆகியவை அவற்றுள் அடங்க வேண்டும். தற்போதைய ஐரோப்பிய ஒழுங்குவிதி 2027 முடிவு வரை நீடிக்கப்பட்டுள்ளது. ஆகவே பேசவேண்டிய காலம் இதுவே. பாரிஸிலும் பேர்லினிலும் ஒஸ்லோவிலும் எமக்கு உடன்பிறந்தோர் உண்டு. ஒன்றியத்தின் நாடுகளில் வாழ்வோரிற் பலர் இன்று வாக்குரிமை பெற்ற குடிமக்கள். தொலைபேசியில் நலம் விசாரிக்கும்போது, தமது ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதுமாறு அவர்களிடம் சொல்லுவோம்.

அகதி விண்ணப்பம் தீர்க்கப்படாது காத்திருப்பவர்களுக்கும், காத்திருந்து இந்நாட்டவரானவர்களுக்கும் இது அயலார் விவகாரமன்று. மூக்கறுக்கும் அரசியல் ஊரில் முடிவுக்கு வரும்வரை, டோர்வல் ஓடுபாதையில் இன்னும் பிள்ளைகள் வந்திறங்கிக்கொண்டே இருப்பர். அச்சட்டையைத் தைத்த பெண் அஞ்சாது வாழவும், அதனை வாங்கும் நாம் கூசாது அணியவும் ஒரு நாள் வரவேண்டும். அந்நாளுக்கான நிபந்தனைகளை எழுதும் பொறுப்பில் எமக்கும் பங்குண்டு.