‘சிறு பழுப்புப் பறவை’ என்று எழுதாதீர்கள்

பிரிட்டனில் ‘மூர்’ எனப்படும், ஹீத்தர் புதரும் புல்லும் படர்ந்த மேட்டுநிலங்களில் மிகுதியாக வாழும் பாடும் பறவை புல்வெளி நெட்டைக்காலி. ஏறத்தாழ 15 செ.மீ. நீளம், பழுப்பு மேனி, மார்பில் கருங்கீற்றுகள். கண்ணைக் கவரும் நிறம் ஏதுமில்லாததால், பறவை நோக்குவோர் பலர் இதனைச் ‘சிறு பழுப்புப் பறவை’ என்று ஒதுக்கிவிட்டு அடுத்ததைத் தேடுகின்றனர். இவ்வழக்கம் களஆய்வுக்கு இழப்பு என்பது என் கருத்து.

இதனை இனங்காண்பது அரிதன்று; ஆனால், நிறத்தை மட்டும் நம்பினால் இயலாது. அதே நிலத்தில் வாழும் வானம்பாடி உருவில் பெரியது; சிறு கொண்டையும் இறக்கையின் பின்விளிம்பில் வெண்மையும் உடையது; வானில் உயர்ந்து நெடுநேரம் பாடுவது. புல்வெளி நெட்டைக்காலியோ பெரும்பாலும் தரையிலிருந்து எழுந்து, இறக்கைகளை விரித்தபடி வான்குடைபோல் இறங்கிப் பாடும். மர நெட்டைக்காலி பெரும்பாலும் மரத்திலிருந்து எழுந்து மரத்திற்கே திரும்பும். அதன் விலாக் கீற்றுகள் மெல்லியவை, பின்விரல் நகம் குட்டையானது. புல்வெளி நெட்டைக்காலிக்கு விலாக் கீற்றுகள் மார்புக் கீற்றுகளைப் போன்றே தடித்தவை, நகம் நீண்டது. வெருண்டு எழுகையில் ‘ஸிப், ஸிப்’ என்னும் மெல்லிய குரலும் துணைசெய்யும்.

‘எங்கும் காணப்படும் பறவைதானே, பதிவு எதற்கு?’ என்பர் சிலர். மூர்நிலத்தில் குயில் தன் முட்டையைப் பெரிதும் இதன் கூட்டிலேயே இடுகிறது. மெர்லின் என்னும் சிறு வல்லூறும் பூனைப்பருந்தும் இதனை இரையாகக் கொள்கின்றன. பிரிட்டனின் பறவைப் பாதுகாப்பு மதிப்பீட்டில் அக்குயில் சிவப்புப் பட்டியலிலும், இந்நெட்டைக்காலி அடுத்த நிலையான மஞ்சள் பட்டியலிலும் உள்ளன. மிகுதியான இனம் குறைந்துவருவதைத் தொடர்ந்த எண்ணிக்கையன்றி வேறெதுவும் காட்டாது.

இப்படிப்பினை நமக்கும் உரியது. வயல் நெட்டைக்காலி இந்தியாவில் பரவலாக உண்டு. நீலகிரி நெட்டைக்காலியோ மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், உயரமான புல்வெளிகளில் மட்டுமே வாழும் அழிவாய்ப்புள்ள இனம். இரண்டையும் ‘பழுப்புப் பறவை’ என்னும் ஒரே சொல்லில் அடக்கினால், பின்னதன் நிலை நமக்கு எவ்வாறு தெரியவரும்?

ஐயம் இருப்பின் ‘நெட்டைக்காலி, இனம் தெளிவில்லை’ என்று எழுதுங்கள். கண்ட நடத்தையையும் கேட்ட குரலையும் சேர்த்தெழுதுங்கள். ஊகித்து இட்ட பெயரைவிட அக்குறிப்பு அடுத்த ஆய்வாளருக்குப் பெரிதும் பயன்படும்.